முன்னாள் ஆட்டக்காரர்களை எதை வைத்து ஒப்பிடுவது?

(காதர்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலை நடந்த வாசிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற கூட்டத்தில் கூடைப்பந்தும் கிரிக்கெட்டும் எதற்கு என்று வாசலிலேயே ஓர் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

இந்தத் தெருக்களில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளுக்கு முன்னால் தொங்குகிற பனியன்களைப் பாருங்கள். முதுகில் எண்ணும் பெயரும் அச்சிட்ட அமெரிக்கக் கூடைப்பந்து ஜெர்சிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. நம் பையன்கள் ஷிப்ட் முடிந்து டீக்கடையில் நின்றால் பேச்சு அங்கேதான் போகிறது. பழைய ஆட்டக்காரர்களில் யார் பெரியவர்? இவரா, அவரா? கைப்பேசியை எடுத்துப் புள்ளிக் கணக்கைக் காட்டுவார்கள். கணக்கு சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று நினைக்கிறோம். எதையெல்லாம் கணக்கில் எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள், எழுதியவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. 'தகுதி', 'திறமை' என்ற இரண்டு சொற்களை வைத்து இட ஒதுக்கீட்டுக்கு எதிராக நூறாண்டுகளாக நம்மிடம் வாதாடுகிறார்களே, அந்த வாதத்தின் சின்ன வடிவம்தான் இந்த டீக்கடைப் பேச்சு. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் ஒரு கூடைப்பந்து அணி. பாஸ்டன் செல்டிக்ஸ். நம் பையன்கள் பலருக்கும் பிடித்த பச்சை ஜெர்சி அணி. அதன் முன்னாள் ஆட்டக்காரர்கள் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பாப் கூஸி, வெள்ளையர். மற்றவர் பில் ரஸ்ஸல், கறுப்பர்.

கூஸி 1950-இல் அணிக்கு வந்தவர். பந்தைக் கையாளுவதில் வித்தைக்காரர். சக ஆட்டக்காரருக்குப் பந்தைக் கொடுத்துக் கூடையில் போட வைப்பதில் தொடர்ந்து எட்டுப் பருவங்கள் அவர்தான் முதலிடம். ரஸ்ஸல் 1956 டிசம்பரில் வந்தவர். அவர் வேலை தடுப்பது. எதிரணி வீசுகிற பந்தை அந்தரத்தில் தட்டுவது, தவறிய பந்தைப் பிடித்துத் தன் அணிக்குக் கொடுப்பது.

கூஸி வந்து ஆறு பருவங்கள் வரை செல்டிக்ஸ் ஒரு கோப்பைகூட வெல்லவில்லை. ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் 11 கோப்பைகள். அதில் ஆறு, கூஸியோடு சேர்ந்து வென்றவை. 1963-இல் கூஸி ஓய்வு பெற்ற பிறகும் ரஸ்ஸல் ஐந்து வென்றார். கடைசி இரண்டை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து வென்றார். 1966-இல் அவர் அந்தப் பொறுப்பை ஏற்றபோது, அந்தத் தொடரில் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பர் அவர்தான்.

இப்போது கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். எதிரணி வீச்சைத் தடுப்பதை அந்தத் தொடர் அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969-இல். எந்தக் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லையோ, அந்தக் கலைக்கு அவர் பெயரில் கணக்கே இல்லை. கூஸி கொடுத்த பந்து ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. ரஸ்ஸல் தடுத்த பந்துக்கு இல்லை. இதில் சதி எதுவும் இல்லை, அன்றைய வழக்கம் அது. ஆனால் இரண்டு பேரை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆடுகளத்துக்கு வெளியே நடந்ததைப் பாருங்கள். 1961-இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் ஒரு காட்சி ஆட்டம். தங்கியிருந்த ஓட்டலின் உணவகத்தில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு தர மறுத்தார்கள். ரஸ்ஸலும் சக கறுப்பு ஆட்டக்காரர்களும் ஆட மாட்டோம் என்று ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். எதிரணியின் கறுப்பு ஆட்டக்காரர்களும் ஆடவில்லை. வெள்ளை ஆட்டக்காரர்களை வைத்து ஆட்டம் நடந்தது. பாஸ்டனுக்குக் கோப்பை மேல் கோப்பை வாங்கித் தந்தவரின் வீட்டுக்குள்ளே புகுந்து பொருள்களை உடைத்தார்கள், சுவரில் வசை எழுதினார்கள், படுக்கையில் மலம் கழித்துவிட்டுப் போனார்கள். 1972-இல் அவருடைய 6-ஆம் எண் ஜெர்சிக்கு அணி மரியாதை செய்தபோது, பார்வையாளர்கள் உள்ளே வருவதற்கு முன்பே காலி அரங்கத்தில் அதை முடித்துக்கொண்டார் ரஸ்ஸல். என் ஆட்டத்தைக் கைதட்டி ரசித்தீர்கள், என்னை மனிதனாக மதிக்கவில்லை, உங்கள் கைதட்டல் எனக்கு வேண்டாம் என்பதுதான் அதன் பொருள்.

கூஸி மோசமானவரா? இல்லை. அதையும் சொல்ல வேண்டும். 1952-இல் வட கரோலினாவில் சக ஆட்டக்காரர் சக் கூப்பரைக் கறுப்பர் என்பதால் ஓட்டலில் தங்க விடவில்லை. அப்போது அவரோடு இரவு ரயிலேறியவர் கூஸி. 1954-இல் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் கட்டியவரும் அவரே. சங்கம் கட்டுவது எவ்வளவு கடினம் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ரஸ்ஸலோடு ஆடிய ஆண்டுகளில் அவருக்காகத் தான் போதுமான அளவு பேசவில்லை என்ற உறுத்தல் கூஸிக்கு முதுமையிலும் இருந்தது. எண்பது வயதைத் தாண்டிய பிறகு ரஸ்ஸலுக்குக் கடிதம் எழுதித் தன் மனத்தில் இருந்ததைச் சொன்னார். கேரி பொமரான்ட்ஸ் 2018-இல் எழுதிய புத்தகம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. யூனியனில் தோளோடு தோள் நிற்கிற ஒரு நல்ல தோழர், பக்கத்து மெஷினில் இருப்பவர் சாதியால் அவமானப்படும்போது பேசாமல் இருந்துவிட முடியும். கூஸியின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். நமக்கும் ஒரு ரஸ்ஸல் இருந்தார். ரஸ்ஸல் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே பிறந்தவர். அவர் பெயர் பல்வங்கர் பாலு.

1876-இல் பிறந்தவர். சமார் சாதி. தோல் பதனிடும் சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள், நம் பக்கத்து அருந்ததியர் போல. புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை, மாதம் மூன்று ரூபாய். பிறகு ஐரோப்பியரின் புனே கிளப்பில் நான்கு ரூபாய். அங்கே கிரெய்க் என்ற ஆங்கிலேய மட்டையாளருக்குப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். ஆண்டுக்கணக்கில் வீசினார். அந்தக் கிளப்பில் ஒரு நாள்கூட அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார் வேலை, பந்து வீசுவது உடலுழைப்பு. வேலையிலே மேல் கீழ் பார்க்கிற அந்தக் கண் நமக்குப் புதிதில்லை.

புனே இந்துக்களின் அணி அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தகராறு செய்தது. ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், தீட்டு ஒரு பக்கம். கடைசியில் சேர்த்தார்கள், எப்படி? மைதானத்தில் அவர் தொட்ட பந்தைப் பார்ப்பனரும் தொடுவார். தேநீர் இடைவேளை வந்தால் அவர் அரங்கத்துக்கு வெளியே தனியாக நின்று தனிக் குவளையில் குடிக்க வேண்டும். பந்து தோலால் ஆனது. செத்த மாட்டின் தோலைத் தொடலாம், அந்தத் தோலைப் பதனிடுகிற சாதியில் பிறந்தவர் குடித்த குவளையைத் தொடக்கூடாது. மனு தர்மத்தின் தர்க்கம் இவ்வளவுதான்.

பிறகு பம்பாய்க்கு வந்தார். 1906-இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த அணியில் பாலுவும் இருந்தார், தம்பி சிவ்ராமும் இருந்தார். 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் ஓர் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணி பெரும்பாலும் தோற்றது. பாலு மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார், சராசரி 18.84. அப்போது அவருக்கு வயது 35. முதல்தர ஆட்டங்கள் 33, அதில் 179 விக்கெட், சராசரி 15.21.

இவரைச் சக ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எம்.டி. பய் பார்ப்பனர், மட்டையாளர். 1913-இல் இந்துக்கள் அணிக்குத் தலைவராக்கப்பட்டார். தனக்கு நடந்த பாராட்டு விழாவிலேயே, மூத்தவரும் அனுபவசாலியுமான பாலுவுக்கல்லவா இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்க வேண்டும் என்று பய் சொன்னார். பெருந்தன்மைதான். ஆனால் பதவி அவரிடமே இருந்தது.

1920-இல் பிரச்சினை வெடித்தது. பாலுவை அணியில் சேர்க்கவில்லை. பய் உடல்நலமின்றி இருந்தார். அடுத்து மூத்தவர்கள் பாலுவின் தம்பிகள் விட்டலும் சிவ்ராமும். தலைமையைக் கொடுத்ததோ புனேயைச் சேர்ந்த டி.பி. தேவ்தருக்கு. அவரும் பார்ப்பனர், சமஸ்கிருதப் பேராசிரியர், வயதில் இளையவர். சகோதரர்கள் என்ன செய்தார்கள்? சாதியின் பெயரால் எங்களைத் தாழ்த்துகிற அணியில் ஆட மாட்டோம் என்று அறிக்கை கொடுத்து விலகினார்கள். 1961-இல் ரஸ்ஸல் லெக்சிங்டனில் செய்ததை 1920-இல் பம்பாய் மாகாணத்தில் இவர்கள் செய்துவிட்டார்கள். ஊர் இரண்டுபட்டது, பத்திரிகைகள் பேசின. கடைசியில் பாலுவைத் துணைத் தலைவராக்கி அழைத்தார்கள். 1923-இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். அவர் தலைமையில் அணி ஐரோப்பியரை வென்றது. மேல்சாதியார் அவரைத் தோளில் தூக்கிச் சுமந்தார்கள். அண்ணனுக்கு மறுத்ததைப் போராடித் தம்பி வாங்கினார்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: தேவ்தர் நல்ல ஆட்டக்காரர் இல்லையா? நல்ல ஆட்டக்காரர்தான். நீண்ட காலம் ஆடியவர். என் கேள்வி வேறு. 1973-74-இல் தேவ்தர் பெயரில் ஒரு தேசியக் கோப்பை தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் டெஸ்ட் தலைவர் சி.கே. நாயுடு பெயரில் ஒரு கோப்பை. ரஞ்சி, துலீப் என்று அரச குடும்பத்தார் பெயரில் கோப்பைகள். பாலு பெயரில் அப்படி ஒரு தேசியக் கோப்பை இல்லை. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-இல். பாலு அதற்குப் பத்தாண்டுக்கும் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். டெஸ்ட் கணக்கை மட்டும் புரட்டினால் அவர் பிறக்கவே இல்லை என்றாகிவிடும். ரஸ்ஸலின் தடுப்புகளைப் போலத்தான். ராமச்சந்திர குகா 2002-இல் எழுதிய கிரிக்கெட் வரலாறு வந்த பிறகுதான் படித்தவர்கள் மத்தியிலேயே இந்தப் பெயர் பரவலாகத் தெரிய வந்தது.

பாலுவைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இளம் வயதில் அம்பேத்கர் பாலுவை ஒடுக்கப்பட்டோரின் பெருமையாகக் கருதினார். பிறகு இருவர் பாதையும் பிரிந்தது. 1932-இல் பாலு, நம் எம்.சி. ராஜாவைப் போலவே, தனித்தொகுதிக்கு எதிராகக் கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார். அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ராஜாவும் கையெழுத்திட்ட புனே ஒப்பந்தத்தில் பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. 1937 தேர்தலில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராகப் பாலுவையே நிறுத்தியது. ஏறத்தாழ 2,000 வாக்கு வித்தியாசத்தில் அம்பேத்கர் வென்றார். இந்துக்கள் அணிக்குத் தலைமை தர மறுத்த அதே சமூகம், அம்பேத்கரைத் தோற்கடிக்க வேண்டும் என்றதும் பாலுவை முன்னால் நிறுத்தியது. அவருடைய அரசியலை நாம் ஏற்க வேண்டியதில்லை. அதற்காக அவரை மறந்துவிடவும் தேவையில்லை. அவமானப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவதில்லை. ரஸ்ஸல் காலி அரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார். பாலு தன்னைச் சேர்த்துக்கொண்டவர்களோடு இருப்பதைத் தேர்ந்தெடுத்தார். இருவரையும் அந்த நிலைக்குத் தள்ளிய ஏற்பாடு எது என்பதை நாம் பார்க்க வேண்டும்.

நிறவெறியும் சாதியும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. சாதிக்குச் சாத்திரத்தின் ஆசி உண்டு, தீட்டு உண்டு, படி மேல் படி உண்டு. ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் மிதிக்க ஒருவன் கீழே இருக்கிறான். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. உழைப்பை வாங்கிக்கொள்ளும், உழைத்தவனுக்குப் பந்தியில் இடம் தராது.

இதை ஏன் திருப்பூரில் வந்து பேசுகிறேன்? இந்த ஊரின் வரலாற்றையே 'உழைப்பு' என்ற ஒரே சொல்லில் சொல்கிறார்கள். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இந்த ஊரில் தங்கி ஆராய்ந்து 2004-இல் 'ஃபிரேட்டர்னல் கேப்பிட்டல்' என்ற நூலை வெளியிட்டார். ஆய்வு மாணவர்கள் எங்களுக்கெல்லாம் அது முக்கியமான நூல். தொழிலாளியாக இருந்து முதலாளி ஆன கவுண்டர்கள், தாங்கள் எப்படி முன்னேறினோம் என்று கேட்டால் 'உழைப்பால்' என்றுதான் சொன்னார்களாம். அவர்கள் உழைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே ஓவர்லாக்கில், அதே செக்கிங் மேசையில், அதே சாயப்பட்டறையில் அருந்ததியரும் பறையரும் முஸ்லிம்களும் உழைத்தார்கள். பெண்கள் உழைத்தார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். ஒருவருடைய உழைப்பு கம்பெனியாகிறது, இன்னொருவருடைய உழைப்பு பீஸ் ரேட்டோடு முடிகிறது. நடுவில் இருப்பது நிலம், சொந்தபந்தம், நம்பிக் கடன் கொடுக்கிற சாதிக்காரன். அணித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிற கமிட்டியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதும், கம்பெனி தொடங்க முதல் கடனை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்பதும் ஒரே கேள்விதான்.

தனிக் குவளை பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2018-இல் இதே மாவட்டத்தில், அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதியினர் தகராறு செய்தார்கள். அந்தச் சகோதரி பணிந்து போகவில்லை, வழக்குப் போட்டார். பாலுவுக்குத் தனிக் குவளை கொடுத்து நூறாண்டு கழித்து நடந்தது இது. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றதும், ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அவர் மூன்று கோல் அடித்திருந்தார். வென்றால் நாட்டின் மகள், தோற்றால் சாதிக்காரி. பிறகு எப்படி விளையாட்டில் சாதியைக் கொண்டு வராதீர்கள் என்று நம்மிடம் சொல்கிறார்கள்? அதை அங்கே கொண்டு வைத்தவர்கள் நாமா?

நம் பையன்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஊர்த் திருவிழா டோர்னமென்டுகளில் சாதித் தலைவர் படம் போட்ட ஜெர்சியோடு அணிகள் இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த ஜெர்சிகளில் பலவும் நம் ஊர் பிரிண்டிங் பட்டறைகளில் அச்சாகின்றன. கூலிக்கு நம் தோழர்களே மடித்துக் கட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது வேறு மாதிரியான ஆட்டம். இந்தப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற பிள்ளைகளுக்கு நாமே ஓர் அணி கட்டலாம். அதற்கு மூன்று விதிகள் போதும்.

ஒன்று, காலனிப் பையனும் ஊர்ப் பையனும் வடக்கத்தியப் பையனும் ஒரே அணியில் இருக்க வேண்டும். சாதிக்கொரு அணி, மாநிலத்துக்கொரு அணி என்று பிரித்துவிட்டு நட்பு ஆட்டம் என்று பெயர் வைக்கக் கூடாது. இரண்டு, தலைமை முறை வைத்து மாற வேண்டும். பந்து பொறுக்கிப் போடுகிற பையனுக்கும் ஒரு நாள் வரும். பெண் பிள்ளைகள் ஆட வந்தால் அவர்களுக்கும் வரும். மூன்று, ஆட்டம் முடிந்ததும் சாப்பாடு எல்லோரும் சேர்ந்துதான். ஒருவன் வீட்டிலிருந்து கொண்டு வந்ததை இன்னொருவன் சாப்பிட வேண்டும். சாப்பிட மாட்டேன் என்கிறவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவனுக்கு அணியில் இடமில்லை.

மூன்றாவது விதிதான் கடினமானது. பெற்றோர்கள் வந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையைப் பிள்ளைகள் தலையில் கட்டாமல் நாம் போட வேண்டும். கூஸி அறுபது ஆண்டு கழித்துக் கடிதத்தில் எழுதியதை, நம் பிள்ளைகள் அன்றைக்கன்றைக்கே வாயால் சொல்லப் பழகட்டும்: என் தோழனுக்கு இங்கே சோறு இல்லை என்றால் நான் ஆட மாட்டேன்.

கடைசியாக, டீக்கடைக் கேள்விக்கு என் பதில். ரஸ்ஸலா கூஸியா, பாலுவா தேவ்தரா? என் கணக்கில் ரஸ்ஸல், பாலு. ஒடுக்கப்பட்டவர்கள் என்ற இரக்கத்தில் இதைச் சொல்லவில்லை. 11 கோப்பையும் 179 விக்கெட்டும் கண் முன்னே இருக்கின்றன. புத்தகத்தில் ஏறாத தடுப்புகளையும், கைக்கு வராத மட்டையையும், கொடுக்காத தலைமையையும் சேர்த்து எண்ணினால் அந்தக் கணக்கு இன்னும் பெரிதாகும். எண்ணாமல் விட்டதை எண்ணுவதுதான் நம் வேலை. ஆட்டத்திலும் சரி, கம்பெனியிலும் சரி.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசுவோம்.